காலையில் முப்பத்தெட்டு, மாலையில் நாற்பத்துமூன்று

உகாண்டாவில் நியெண்டோ சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் தியோபிஸ்டாவுக்கு ஊரிலுள்ள பெண்கள் எல்லோருடைய இடுப்பளவும் மனப்பாடம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு யார் இரண்டு இஞ்சு ஏறினாள், புருஷனோடு சண்டை போட்டு யார் மூன்று இஞ்சு இறங்கினாள் என்று அவள் வாயைத் திறந்தால் ஊர் இரண்டுபடும். அவள் திறக்க மாட்டாள். இஞ்சு டேப் பொய் சொல்லாது, தையல்காரி உண்மை சொல்லக் கூடாது, இதுதான் அவள் தொழில் தர்மம். அப்படிப்பட்டவள் எட்டு மாதமாகத் தன் இடுப்பை மட்டும் அளக்காமல் இருந்தாள்.

வயது ஐம்பத்தொன்று. மாதவிலக்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்ச நாள் வந்து போய், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. போகிற விருந்தாளி போகட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் அது போகும்போது தன் இடத்தில் வேறொன்றை உட்கார வைத்துவிட்டுப் போனது. வயிற்று உப்புசம். காலையில் எழும்போது வயிறு ஒட்டித்தான் இருக்கும். மதியம் தாண்டினால் கல் போல ஆகும். சாயங்காலம் தையல் மெஷினை மிதிக்க உட்கார்ந்தால் தொடைக்கும் மெஷினுக்கும் நடுவில் தன் வயிறே ஒரு வாடிக்கையாளரைப் போல வந்து உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, கழுத்திலிருந்து திடீர் திடீரென்று சூடு ஏறி வியர்த்துக் கொட்டும்.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஏப்ரல் மாதம் கியோதெராவில் நடந்த குவான்ஜுலாவில் அது சபைக்கு வந்துவிட்டது.

பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் திரண்டு வரும் அந்தச் சடங்கில் எங்கள் பக்கம் அத்தைதான் எல்லாம். பெண்ணின் அப்பாவுக்கு அக்காவோ தங்கையோ, அவள்தான் மாப்பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் காட்ட வேண்டும். அத்தை காட்டாத மாப்பிள்ளை வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கியோதெராவில் சித்தப்பா மகனுடைய பெண்ணுக்குத் தியோபிஸ்டா அத்தையாக நின்றாள். பந்தலில் முன்னூறு பேர். மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். இரு வீட்டுப் பேச்சாளர்களும் ஒரு கணம் மூச்சு வாங்கிய அந்த அமைதியில், பின்வரிசை வரை கேட்கும்படி, அவளுக்குக் காற்றுப் பிரிந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்திருந்தவர் லுபோவா. கல்யாணம் கல்யாணமாகப் போய்ப் பேசுவதே அவர் தொழில். மைக்கைப் பிடித்தால் கீழே வைக்கத் தெரியாத மனிதர்.

"மாப்பிள்ளை, சீக்கிரம் எந்திரி. அத்தை வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாங்க, விட்டுட்டுப் போயிடப் போறாங்க" என்றார்.

பந்தல் குலுங்கியது. சிரிக்காதவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை அவள் கடை திறக்கப் போனபோது முக்கில் நிற்கும் பைக் டாக்சிக்காரர்கள் "அத்தை, இன்னிக்கு வண்டி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

இப்போது ஆகஸ்டில் அவள் அண்ணன் வாலுசிம்பியின் மகள் ரெஸ்டிக்குக் குவான்ஜுலா. ரெஸ்டி யார் தெரியுமா? நாலு வயதில் தாயை இழந்து, தியோபிஸ்டாவின் மெஷினுக்கு அடியில் துண்டுத் துணிகளில் விளையாடி வளர்ந்தவள். பெற்றது அண்ணி, வளர்த்தது இவள். அந்தப் பெண்ணுக்கு முன்னூறு பேர் நடுவில் மண்டியிடத்தான் இத்தனை வருடமும் காத்திருந்தாள். அந்த நாள் வருகிறது என்று தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

பயத்தில் மனுஷி என்ன செய்தாள் என்றால், வயிற்றைக் கட்டினாள். பிள்ளை பெற்றவளின் தளர்ந்த வயிற்றைத் துணி வைத்து இறுக்கிக் கட்டுவது எங்கள் வழக்கம். ஆறு வாரத்தில் வயிறு ஒட்டிவிடும் என்பார்கள். பிள்ளைக்குப் பெருத்த வயிறு கட்டினால் அடங்கும் என்றால் காற்றுக்குப் பெருத்தது அடங்காதா என்று அவள் கணக்குப் போட்டாள். கோமெசி உடுத்துகிறவளுக்கு அதற்கு வசதியும் உண்டு. அந்த அகலமான உடுப்புக்குள், இடுப்பு எடுப்பாகத் தெரிவதற்காக ஒரு கனத்த துணியைச் சுற்றி, வாழை நாரால் கட்டுவார்கள். தியோபிஸ்டா ஒன்றுக்கு இரண்டு துணி சுற்றி, நாரை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினாள். பகலெல்லாம் எதுவும் உள்ளே இறங்காது. கடை சாத்தி, கட்டை அவிழ்த்த பிறகு, பட்டினிக்கு வட்டியும் முதலுமாக ஒரு தட்டு மத்தோக்கேயும் (அவித்து மசித்த வாழைக்காய்தான்) பீன்ஸும் சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுவாள். வயிறு முன்னைவிட மோசமானது. அவள் நாரை நாலு சுற்று ஆக்கினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் அக்கா ஃபெதெரேசி இப்படித்தான் வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. போனதால் சாகவில்லை, முற்றிய பிறகு போனதால் செத்தாள் என்பது தியோபிஸ்டாவின் புத்திக்குத் தெரியும். கால்தான் அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது.

ஜூலை முதல் வாரம் எதிசா நர்ஸ் அளவு கொடுக்க வந்தாள். அரசு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறவள், நாற்பது வயதுதான் இருக்கும். தோள் அளந்து, மார்பு அளந்து, கீழ் விளிம்பு அளக்கக் குனிந்த தியோபிஸ்டா பாதியில் நின்றுவிட்டாள். குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

"என்னக்கா, முதுகா?" என்று எதிசா கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. நேத்து கொஞ்சம் அதிகமா சாப்பிட்டேன்."

எதிசா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "இது என்ன, பலகையா? உள்ள என்ன கட்டியிருக்கீங்க?"

"ரெண்டு துணி. கொஞ்சம் நாரு."

"அவுத்துடுங்க."

"கடைக்குள்ளயா?"

"கதவைச் சாத்திட்டு அவுத்துடுங்க. நான் பாக்காத வயிறா?"

அவிழ்த்ததும் நார் பதிந்த தடம் சிவப்பாக நாலு கோடு போட்டிருந்தது. எதிசா அந்தக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"யாருக்கு கொழந்த பொறந்திருக்குன்னு இப்படி இறுக்கிக் கட்டுனீங்க? கைப்பை நெறைய காத்தை அடைச்சு வாயைத் தச்சா பை என்ன ஆகும்னு ஒரு தையக்காரிக்கு நான் சொல்லணுமா?"

தியோபிஸ்டா ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கியோதெராவையும் சொன்னாள். அக்காவைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

எதிசா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். காலையில் வயிறு இறங்குகிறதா? இறங்குகிறது. பசி இருக்கிறதா? வேண்டிய மட்டும். எடை குறைந்ததா? அந்தக் கொடுப்பினை இல்லை. நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டதா? இல்லை.

"நல்லதாத்தான் தெரியுது. ஆனா உங்க அக்கா கதை இருக்கறதால ஸ்கேன் பண்ணிப் பாத்துடுவோம். வியாழக்கெழம நானே கூட வர்றேன்."

"வரலன்னா?"

"வரலன்னா என் கோமெசிய கொரெட்டிகிட்ட குடுத்துத் தச்சுக்குவேன்."

கொரெட்டி தியோபிஸ்டாவின் சித்தப்பா மகள், கம்பாலாவில் தையல் கடை வைத்திருக்கிறாள். குவான்ஜுலா எதுவானாலும் அத்தையாக நிற்கத் தயாராக ஒரு காலைத் தூக்கி வைத்திருப்பவள். அந்தப் பேர் போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமை தியோபிஸ்டா போனாள். டாக்டர் வயிற்றில் ஏதோ குளிர்ச்சியாகத் தடவி, இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்துவிட்டு, கெட்டது ஒன்றும் இல்லை என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று அவள் அழுதாள். தனக்காகக் கொஞ்சம், அக்காவுக்காக நிறைய.

"அப்ப மாத்திரை?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாத்திரை இல்ல. இந்த வயசுல உடம்பு மாறுதுக்கா. கொடலு முன்ன மாதிரி ஓடாது, மெதுவாத்தான் நடக்கும். முப்பது வயசுல செரிச்சதெல்லாம் இப்பவும் செரிக்கணும்னா எப்படி? எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு உங்க வயிறுதான் சொல்லணும். எனக்குத் தெரியாது."

"வயிறு எப்படிடி சொல்லும்?"

எதிசா அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்சு டேப்பைப் பிடித்து இழுத்தாள். "ஊரையே இதை வச்சுத்தானே அளக்கறீங்க? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. என்ன சாப்பிட்டீங்கன்னு பக்கத்துல குறிச்சுக்குங்க. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன், அந்த நாரைத் தூக்கி அடுப்புல போடுங்க. காலையிலயும் வயிறு இறங்காமப் போனா, பசி குறைஞ்சா, ரத்தம் பட்டா, அன்னிக்கே என்கிட்ட வந்து நிக்கணும்."

மறுநாள் இரவு கடை அலமாரிக் கதவின் உட்புறத்தில் தையல் சாக்கட்டியால் முதல் கோடு விழுந்தது. காலை முப்பத்தெட்டு, மாலை நாற்பத்துமூன்று. எதிரில்: பால் டீ நாலு, சோடா ஒண்ணு, பீன்ஸ்.

வாடிக்கையாளர்களின் அளவில் கால் இஞ்சு தவறினால் தூக்கம் வராதவள், இதிலும் அப்படியே இறங்கினாள். சோடாவை நிறுத்திய நாள் மாலை நாற்பத்திரண்டு. இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. முட்டைக்கோஸ் அவளுக்குப் பரம எதிரி. பப்பாளி சிநேகிதி. பீன்ஸ் மேல் தப்பே இல்லை. முந்தின நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் அது வாயை மூடிக்கொண்டு கிடந்தது. இத்தனை வருடமாக அவசரத்துக்கு ஊறவைக்காமல் வேகவைத்தவள் இவள்தான். நாலு மணிப் பால் டீக்குப் பதிலாக வேலியோரம் காடாக வளர்ந்து கிடக்கும் முஜாஜா இலையைக் கிள்ளி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தாள். துளசி வாசம் அடிக்கும் அந்தத் தண்ணீர் உள்ளே போனதும், யாரோ உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம் என்று பிரித்துச் சாப்பிட்டாள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்தது. சாப்பிட்ட பிறகு தேவாலயம் வரை நடந்து திரும்பினாள். பைக் டாக்சிக்காரர்கள் "அத்தை, வண்டி இல்லாம நடந்து போறீங்க?" என்றார்கள். "உங்க அப்பனையும் நடக்கச் சொல்லு, தொப்பையில தட்டு வச்சுச் சாப்பிடறான்" என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் திருப்பிக் கொடுத்த முதல் பதில் அதுதான்.

பதினாறாம் நாள் மாலை முப்பத்தொன்பதரை. அன்றைக்கு அந்த எண்ணைச் சாக்கட்டியால் எழுதிவிட்டு இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பந்தல் எங்கே, அடுப்பு எங்கே என்று பேசிமுடிக்க அண்ணன் வீட்டில் கூட்டம். வாலுசிம்பி தங்கை வந்ததும் சோடா மூடியைத் தன் பல்லால் திறந்து கையில் கொடுத்தார். அண்ணன் கையால் தருவதை எப்படி மறுப்பது? குடித்தாள். அத்தைக்கு மரியாதை என்று மலை மாதிரி மத்தோக்கே, முட்டைக்கோஸ், ஊறாத பீன்ஸ். தட்டைத் தள்ளினால் "எங்க சமையல் பிடிக்கலையா?" என்பார்கள். சாப்பிட்டாள். இன்னொரு சோடா வந்தது. வீட்டுக்கு வந்து அளந்தாள். நாற்பத்துநாலரை. முதல் நாளைவிட அதிகம்.

குவான்ஜுலா அன்றும் இதே சோடாதான் வரும், இதே தட்டுதான் வரும். மறுக்க முடியாது. மண்டியிட்டதும் லுபோவா மைக்கோடு நிற்பார், ஏனென்றால் இந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் அவர்தான் பேச்சாளர் என்று அண்ணன் அன்றைக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தார். தியோபிஸ்டா போனை எடுத்து கம்பாலாவுக்குப் பேசினாள்.

"கொரெட்டி, எனக்கு மூட்டு சரியில்ல. ரெஸ்டிக்கு நீ அத்தையா நில்லு."

"ஐயோ பாவமே, அப்படியா அக்கா" என்றாள் கொரெட்டி. அடுத்த மூச்சில், "நீலத்துல ஒண்ணு ஏற்கெனவே தச்சு வச்சிருக்கேன், அது போதுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் ரெஸ்டி கடைக்கு வந்தாள். தன் உடுப்புக்குப் பொத்தான் தேடி அலமாரியைத் திறந்தவள் கதவின் உட்புறத்தைப் பார்த்து நின்றாள்.

"அத்தை, இது யாரு? காலையில முப்பத்தெட்டு, சாயங்காலம் நாப்பத்தி மூணு. இப்படி ஒரு உடம்புக்கு எப்படி துணி வெட்டுவீங்க?"

"மூடுடி அதை."

"ஊறவச்ச பீன்ஸ், நாப்பது. சோடா ரெண்டு, நாப்பத்தி நாலரை, நாசமாப் போக." ரெஸ்டி கடைசி வரியை மறுபடி படித்தாள். "இது உங்க எழுத்து. இது நீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வளர்த்த பிள்ளை, பொய் சொன்னால் மூக்கைப் பார்த்தே கண்டுபிடிக்கும். மாதவிலக்கு நின்றதிலிருந்து, நார்க் கட்டு, ஸ்கேன், கொரெட்டிக்குப் போட்ட போன் வரை சொன்னாள்.

ரெஸ்டி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வயசுக்கு வந்தப்ப எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. போன மாசம் வாழைத்தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய், புருஷன் வீட்டுல எப்படி இருக்கணும்னு காது கூசற அளவுக்குச் சொன்னீங்க. இதை ஏன் சொல்லல?"

"எனக்கே தெரியாதுடி. எங்க அத்தை பிள்ளைப்பேறு வரைக்கும் சொன்னா, அதோட நிறுத்திட்டா. அவளுக்கு அவ அத்தை சொல்லல போல."

"எங்கம்மா இருந்திருந்தா அவங்களும் இப்படித்தான் தனியா நாரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்களா?"

தியோபிஸ்டா எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க வராம கொரெட்டி அத்தை வந்து மண்டி போட்டா நான் உள்ள இருந்து வெளிய வர மாட்டேன். மாப்பிள்ளை வெயில்ல காயட்டும்" என்றாள் ரெஸ்டி. "காத்து பிரிஞ்சா பிரியட்டும். உங்க காத்து என் வீட்டுக் காத்துதானே."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன தியோபிஸ்டாவுக்கு. அன்று மாலை மறுபடி கம்பாலாவுக்குப் பேசி மூட்டு சரியாகிவிட்டது என்றாள். கொரெட்டி, நீலத் துணியின் தரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வைத்தாள். பிறகு தியோபிஸ்டா தனக்கான கோமெசியை வெட்ட உட்கார்ந்தாள். உள்ளே சுற்றும் துணியில் நாருக்குப் பதிலாக அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள். இருபத்தெட்டு வருடத் தொழிலில் யாருக்கும் இப்படித் தைக்கத் தோன்றியதில்லை. இடுப்புப் பட்டையை வயிற்றுக்குக் கீழே தளர்வாக விழும்படி நீளம் விட்டாள். மெஷின் ஓடும்போதே மூளையும் ஓடியது. சபையில் தருவதை அத்தை மறுக்க முடியாது, சரி. ஆனால் அத்தை கேட்பதை மாப்பிள்ளை வீட்டார் மறுக்க முடியுமா?

குவான்ஜுலா சனிக்கிழமை. அவள் காலையிலேயே கொஞ்சம் மத்தோக்கேயும் பப்பாளியும் சாப்பிட்டு, பந்தலைச் சுற்றி நாலு தரம் நடந்தாள். ரெஸ்டியின் உடுப்பில் கடைசி நேரத் தையல் எதுவும் வரலாம் என்று கைப்பையில் ஊசி, நூல், டேப் எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை கத்தெண்டேயின் ஆட்கள் வெள்ளை அங்கிகளில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேர வாய்ச்சண்டைக்குப் பிறகு, அத்தையை வரச் சொல்லுங்கள் என்றார் லுபோவா.

தியோபிஸ்டா வந்தாள். பந்தலில் சில செல்போன்கள் உயர்ந்ததை அவள் பார்த்தாள். கழுத்தில் சூடு ஏறத் தொடங்கியது.

வாய் திறக்குமுன் அத்தைக்குத் தொண்டை நனைய வேண்டும், கேட்டதை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டும், அது முறை. லுபோவா தன் ஆட்களுக்குச் சைகை காட்டினார். சோடாப் பெட்டிகள் தயாராக இருந்தன.

"அத்தைக்கு எந்தக் கலர்?" என்றார்.

"கலர் வேண்டாம். முஜாஜா இலை போட்ட தண்ணி. இஞ்சி தட்டிப் போடணும். சக்கரை வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வேணும்."

லுபோவா பெட்டிகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "அத்தை, ஆட்டைக் கேளுங்க, மாட்டைக் கேளுங்க. எல்லாம் லாரியில இருக்கு."

"அதையெல்லாம் எங்க அண்ணன் கேப்பாரு. எனக்குத் தண்ணி."

மாப்பிள்ளைத் தோழர்கள் இருவர் பின்கட்டுக்கு ஓடினார்கள். சமையல் பெண்கள் அடுப்பைக் காட்டினார்கள், கை கொடுக்கவில்லை. "கேட்டது உங்ககிட்ட. ஊதுங்க" என்றார்கள். வெள்ளை அங்கியில் சாம்பல் பறக்க, கண்ணில் நீர் வழிய அவர்கள் ஊதியதை ஒளிபரப்புவதற்கென்றே ஒருவர் பந்தலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டார். ஊர் ரசித்தது. தியோபிஸ்டா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்தது. அவள் அவசரப்படாமல் குடித்தாள்.

பிறகு மண்டியிட்டாள். பந்தல் அடங்கியது. லுபோவா மைக்கை உயர்த்தினார், அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தை, ஏப்ரல்ல ஒரு வண்டி பாத்தோம். அதை சர்வீஸ் பண்ணியாச்சா?"

அண்ணன் முகம் சிறுத்தது. தியோபிஸ்டாவுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. அவள் தன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பண்ணியாச்சுங்க ஐயா. அம்பத்தோரு வருஷம் ஓடின வண்டி. என்ன கோளாறுன்னு தெரியாம நானே கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். பெரிய ரிப்பேர் இல்ல, வயசுதான்னு சொன்னாங்க. கட்டை அவுத்தேன், தண்ணிய மாத்தினேன், இப்ப ஓடுது. உங்க வீட்டுலயும் ஒரு வண்டி இருக்குமே ஐயா, அதுக்கும் அம்பது வரும். அப்ப அது சத்தம் போட்டா மைக்குல சொல்லாதீங்க. தண்ணி சுட வச்சுக் குடுங்க."

பின்கட்டிலிருந்து முதல் குலவை எழுந்தது. பிறகு பந்தலில் ஐம்பதைத் தொட்டவள், தாண்டியவள், தொடப்போகிறவள் எல்லோரும் எழுந்து நின்று குலவையிட்டார்கள். லுபோவாவின் கை இறங்கியது. அவர் மைக்கைத் தாழ்த்தியதை அன்றுதான் ஊர் பார்த்தது.

தியோபிஸ்டா வரிசை வரிசையாக நடந்து, கத்தெண்டேயின் முன் மண்டியிட்டு, இவன்தான் மாப்பிள்ளை என்று அவன் அங்கியில் பூவைக் குத்தினாள். குத்தும்போது வயிறு லேசாக ஒரு முறை உறுமியது. அவனுக்கு மட்டும் கேட்டது.

"அத்தை, நான் ஒண்ணும் கேக்கல" என்றான் மெதுவாக.

"பொழைச்சுக்குவ" என்றாள் அவள்.

பந்தி முடிகிற நேரத்தில் அவள் தனியாக நின்றபோது லுபோவா பக்கத்தில் வந்தார். மைக் இல்லாத அவர் குரல் இவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரியாது.

"அந்த இலைத் தண்ணி எப்படிப் போடறது அத்தை?"

"உங்களுக்கா?"

"எங்க ஸ்கோவியாவுக்கு. நாலு மாசமா ராத்திரி சரியா சாப்பிடறதில்ல. வயிறு வீங்குது போல, கேட்டா ஒண்ணுமில்லங்கறா. கியோதெரா கதைய அன்னிக்கு வீட்டுல போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அதுலேருந்துதான் அவ என்கூட உக்காந்து சாப்பிடறதில்ல." அவர் தரையைப் பார்த்தார். "நீங்க இன்னிக்குச் சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது."

நாலு மாதமாக அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அவள் நாக்கு நுனிக்கு வந்தன. திட்டவும் நியாயம் இருந்தது. ஆனால் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி நாரை இறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு அவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. கைப்பையைத் திறந்து இஞ்சு டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மொதல்ல எதிசா நர்ஸுகிட்ட கூட்டிட்டுப் போங்க, அதைத் தள்ளிப் போடாதீங்க. அப்புறம் காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. அவங்களே அளக்கட்டும். நீங்க எழுதி வையுங்க. எழுதற நேரம் வாயைத் திறக்கக் கூடாது."

அவர் டேப்பைச் சுருட்டி அங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை மதியம், கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் சுருட்டிய டேப். எலாஸ்டிக் வைத்த உள்துணி கேட்டு அந்த மாதம் வந்தவர்களில் அவள் ஒன்பதாவது. வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டாள்.

"நாப்பத்தி ஆறுல இருந்தேன்" என்றாள். "நேத்து சாயங்காலம் நாப்பத்தி ரெண்டு. நர்ஸம்மா பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

தியோபிஸ்டா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க ஸ்கோவியா. ராத்திரி சாப்பாடு?"

"ஏழு மணிக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா. அப்புறம் ஏரிப் பக்கம் நடக்கறோம், அவரும் வர்றாரு." ஸ்கோவியா பெருமூச்சு விட்டாள். "வழியெல்லாம் பேசிக்கிட்டே வர்றாரு. அதுக்கு ஏதாவது இலை இருக்காக்கா?"

தியோபிஸ்டா மெஷினில் தலை சாய்த்துச் சிரித்தாள். பிறகு முஜாஜாத் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.